கிளட்ச் ஆயில் ஒழுக்கும் மணிமேகலையும்

மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிகவாதி, மெய்யை அறியும் அளவைகள் பத்து என்கிறான். அவன் டொயோட்டா குவாலிஸ் ஓட்டியதில்லை. ஆகவே அவற்றின் முழுப் பயனையும் அறிந்திருக்க நியாயமில்லை. 2000இல் இந்தியச் சாலைக்கு வந்து 2005இல் இன்னோவாவுக்கு இடம்விட்ட அந்த வண்டியில், கிளட்ச் பெடல் ஒருநாள் அமுங்கியது அமுங்கியபடியே கிடக்கும், கியர் விழாது. ஆய்வு அங்கே தொடங்குகிறது.

முதலில் களம். பெடலுக்கு நேரே ஃபயர்வாலில் கிளட்ச் மாஸ்டர், கீழே பெல் ஹவுசிங் ஓரத்தில் ஸ்லேவ் சிலிண்டர், நடுவே பைப்பும் ஹோஸும். உள்ளே ஓடுவது பிரேக் ஆயில்.

இனி அளவைகள். கருதல்: ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கினால் ஒழுக்கு உண்டு. பிரேக்கில் பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும். கிளட்ச் பிளேட் தேய்வதால் இறங்காது. எனவே இங்கே சாக்குக்கு இடமில்லை.

காண்டல்: ஸ்லேவின் ரப்பர் பூட்டை விரலால் விலக்கினால் சொட்டும். சொட்டியது கியர் ஆயிலா என்று ஐயுறுவோர் அதைத் தண்ணீரில் விடுக. பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்றது மிதக்கும்.

சொன்னதிலிருந்து சொல்லாததை உய்த்துணரும் அருத்தாபத்தியே என் மதிப்பில் தலையாயது. மட்டம் இறங்குகிறது, வண்டி நின்ற தரையோ காய்ந்திருக்கிறது. அப்படியானால் ஆயில் வண்டிக்குள்தான் போயிருக்க வேண்டும். மிதியடியைத் தூக்குக. மாஸ்டரின் புஷ் ராடு வழியே வழிந்து, பெடல் தண்டில் கோடிட்டு இறங்கி, கார்ப்பெட்டில் பிசுபிசுவென்று ஊறியிருக்கும். இதைத் தன் ஷூ ஈரம் என்றே மாதக்கணக்கில் நம்புவோர் உளர்.

இன்மையை அறியும் அபாவம் நுட்பமானது. எங்கும் ஈரமில்லை, மட்டமும் இறங்கவில்லை. ஆனால் சிக்னலில் மிதித்துக்கொண்டே நின்றால் வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது. மாஸ்டருக்குள் வாஷர் தேய்ந்து, ஆயில் பின்பக்கம் நழுவுகிறது. ஒழுக்கு இல்லாத ஒழுக்கு இது.

ஐதிகம் என்பது மரத்தில் பேய் இருப்பதாக ஊரார் சொல்வதை நம்புவது. பட்டறையில் அதன் வடிவம்: “கிளட்ச் பிளேட் போச்சு சார், கியர் பாக்ஸ இறக்கணும்.”

எஞ்சிய அளவைகளுக்கு இந்த வண்டியில் வேலையில்லை.

பழுது நீக்கியபின், கிடைத்ததே என்று என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், ரப்பரெல்லாம் ஊதிப்போகும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் எண்ணைப் பார்த்து வாங்கி, ஏர் எடுத்து நிரப்புங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.