முன்னட்டையை விடப் பின்னட்டை முக்கியம்

கேள்வி: எளிதில் எரிச்சல் கொள்ளும் சருமம் உடையோர் தாம்பத்திய உறவுக்கான லூப்ரிகன்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: காதல் பெட்டியின் முன்னட்டைப் படத்தில் இருக்கலாம், நிம்மதி பின்னட்டையில் பொடி எழுத்துகளில் உள்ள சேர்மானப் பட்டியலில்தான் இருக்கிறது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் ஆகியவை மிகுந்தால் ஆஸ்மோலாலிட்டி, அதாவது நீரில் கரைந்துள்ள துகள்களின் செறிவு, உயர்ந்து, உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதுபோல மென்சவ்வின் செல்கள் நீரிழந்து சிதைகின்றன. இந்தச் செறிவு கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மோலுக்குள் இருப்பதே நன்று என்றும், 1,200-ஐத் தாண்டலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2012-இல் பரிந்துரைத்தது. பெண்ணுறுப்புக்கு ஏற்ற அமிலநிலை, அதாவது பிஎச், ஏறத்தாழ 4.5 ஆகும். நறுமணமும் சூடேற்றும் சேர்மானங்களும் அறவே வேண்டாதவை. தேங்காய் எண்ணெய் இயற்கையானதே எனினும், லேடெக்ஸ் ஆணுறையை நலிவடையச் செய்வதால் அது கிழிந்துவிடக்கூடும். எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.