நெகட்டிவ் வாங்குவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். பெண்ணைப் பெற்றவர் நீங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொண்டை கரகரக்கிறது, முதுகில் லேசாகக் குளிர் ஓடுகிறது. சமையல்காரருக்கு அட்வான்ஸ் போயாயிற்று. சம்பந்தி வீட்டில் எண்பது வயதுப் பாட்டி வேறு வருகிறார். வீட்டில் யாரோ, "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்களேன்" என்று சொல்லித் தொலைக்கிறார்கள். பதறாதீர்கள். கொஞ்சம் முறையாக முயன்றால் நெகட்டிவ் கட்டாயம் கிடைக்கும்.

முதலில் கிட். இந்தியாவில் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் கொரோனா டெஸ்ட்டுக்கு ஐ.சி.எம்.ஆர். 2021 மே மாதம் அனுமதி கொடுத்தது. புனேயின் மைலேப் நிறுவனம் கொண்டுவந்த கோவிசெல்ஃப், அப்போது விலை 250 ரூபாய். இன்றைக்கு எந்த கம்பெனி கிட் கிடைத்தாலும் சரி, கடையைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான கிட்டுகளின் அட்டையில் 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். மேற்கு பார்த்த மெடிக்கல் ஷாப், மே மாத வெயில், கண்ணாடி அலமாரியின் முன்வரிசை. அங்கே வெந்துகொண்டிருக்கும் டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். காலாவதி தேதியைப் பார்ப்பது அபசகுனம்.

அடுத்தது நேரம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று நாள், நான்கு நாள் கழித்து நிதானமாக எடுத்து, பளிச்சென்று பாசிட்டிவ் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் தொண்டை கரகரத்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வீட்டில் எடுக்கிற இந்த ரேபிட் டெஸ்ட் வைரஸைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. லேபில் எடுக்கிற ஆர்.டி.பி.சி.ஆர். துளியூண்டு மரபுப்பொருளைக்கூடப் பல மடங்கு நகலெடுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். ரேபிட் அப்படியில்லை, மூக்கில் ஏற்கெனவே நிறைய வைரஸ் புரதம் இருந்தால்தான் அதன் கண்ணில் படும். இப்போதெல்லாம் தடுப்பூசியும் பழைய தொற்றும் தந்த அனுபவத்தால் உடம்பு சீக்கிரமே சண்டையைத் தொடங்கிவிடுகிறது. அதனால் அறிகுறி முன்னால் வந்து, வைரஸின் உச்சம் சில நாள் பின்னால் வருகிறது. அந்த இடைவெளிதான் உங்கள் வாய்ப்பு. தவறவிட்டால் இரண்டாவது வாரம் வரை காத்திருக்கலாம், அப்போதும் பாதிக்குப் பாதி தப்பிக்கலாம். முகூர்த்தம்தான் காத்திருக்காது.

(ஒரு எச்சரிக்கை: வந்திருப்பது ஃப்ளூ காய்ச்சலாக இருந்து, அதற்கான கிட்டை வாங்கினால் கணக்கு தலைகீழ். ஃப்ளூவில் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே வைரஸ் உச்சிக்கு ஏறிவிடும். ஆகவே கொரோனா கிட் மட்டும் போதும். 2023 மார்ச்சில் ஊரெல்லாம் எச்3என்2 இருமிக்கொண்டிருந்தபோது கொரோனா நெகட்டிவைக் காட்டி நிம்மதியாக ஆபீஸ் போனவர்கள் அநேகம்.)

இப்போது குச்சி. இரண்டு மூக்குத் துவாரத்திலும் விட்டு, உள்சுவரில் ஒட்டும்படி ஐந்து சுற்றுச் சுற்றச் சொல்வார்கள். திருநீறு தொடுவதுபோல நுனியில் ஒரு தொடு தொட்டு எடுத்துவிடுங்கள். கண்ணில் நீர் வந்தால் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். முன்னதாக மூக்கை நன்றாகச் சிந்தித் துடைத்துவிட்டால் இன்னும் விசேஷம்.

குச்சியைக் குழாயில் உள்ள திரவத்தில் முக்கி, அட்டையின் குழியில் சொட்டுவிடுங்கள். அந்த அட்டைக்குள் நடப்பது உண்மையிலேயே அழகான வேலை. திரவம் காகிதப் பட்டையில் ஊர்ந்து போகும். வழியில் கண்ணுக்குத் தெரியாத பொடிகள், பெரும்பாலும் தங்கத் துகள்கள், அதோடு சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு துகளின் மேலும் வைரஸ் புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். 'டி' கோட்டில் இன்னொரு வரிசை ஆன்டிபாடி காத்திருக்கும். புரதம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். துகள்கள் அங்கே குவிந்து சிவப்பாகத் தெரியும். கர்ப்பம் பார்க்கிற அட்டையும் இதே தத்துவம்தான். 'சி' கோடு எதற்கு? திரவம் கடைசிவரை ஓடியது, அட்டை வேலை செய்கிறது என்று சொல்வதற்கு மட்டும். குச்சி மூக்குக்குள் போனதா என்று அதற்குத் தெரியாது. குச்சியை மேஜை ஓரத்தில் தேய்த்து முக்கினாலும் 'சி' கோடு சிவந்து வரும், நீங்களும் சுத்தமான நெகட்டிவ் ஆவீர்கள். வீட்டுப் பரிசோதனையின் இந்தப் பெருந்தன்மையை நாம் இன்னும் சரியாகப் பாராட்டவில்லை.

பதினைந்து நிமிடம் ஆயிற்று. அட்டையை யார் பார்ப்பது என்பது முக்கியம். உங்கள் மைத்துனன் வேண்டாம்.

"மாமா, 'டி' கிட்ட ரோஸ் கலர்ல ஏதோ தெரியுதே?"

"அது அட்டையோட நிழல்."

"நிழல் ரோஸாவா விழும்?"

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு மாப்ளே. ஒண்ணும் தெரியாது."

குறித்த நேரத்துக்குள் எவ்வளவு மங்கலாகக் கோடு வந்தாலும் பாசிட்டிவ்தான் என்று கிட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும். தாளை மைத்துனன் கையில் கொடுக்காதீர்கள். நேரம் கடந்து, காய்ந்த பிறகு தெரிகிற கோட்டுக்கு மதிப்பில்லை என்றும் அதே தாளில் இருக்கும். ஆகவே கோடு தெரிந்தால், "ரொம்ப நேரம் ஆயிடுச்சு, இனி செல்லாது" என்று சொல்லிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம்.

நெகட்டிவ் வந்தாயிற்று. இனி யாராவது, "அது எவ்வளவு நம்பகம்?" என்று கேட்பார்கள். டாக்டருக்குப் படிக்கிற அண்ணன் மகன் பக்கத்தில் இருந்தால் காபி வாங்கி வர அனுப்பிவிடுங்கள். ஏனென்றால் அவன் 2020 ஜூனில் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட கணக்கை எடுப்பான். அன்று அனுமதித்த ரேபிட் கிட் தொற்று உள்ளவர்களைக் கண்டுபிடித்தது 50.6 முதல் 84 சதவீதம். தொற்று இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொன்னது 99.3 முதல் 100 சதவீதம். நீங்கள் இரண்டாவது எண்ணை மட்டும் சொல்லுங்கள். "தொண்ணூத்தொம்பது பர்சன்ட்!" பாசிட்டிவ் வந்தால் நம்பலாம் என்பதற்கான எண் அது; கையில் நெகட்டிவை வைத்துக்கொண்டு அதைச் சொல்வதில் தனிச் சுகம் உண்டு.

காபியோடு அவன் திரும்பி வந்தால் காக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வைத் தொடங்குவான். அறிகுறி உள்ளவர்களில் 73 சதவீதம், இல்லாதவர்களில் 54.7 சதவீதம்தான் ரேபிடில் பிடிபட்டார்களாம். இதைக் கேட்டு, மண்டப வாசலிலேயே எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று சம்பந்தி கிளம்பக்கூடும். ஆயிரம் பேர் வருகிறார்கள், இருபது பேருக்கு அறிகுறியில்லாத் தொற்று என்று வையுங்கள். பதினோரு பேர் மாட்டுவார்கள். ஒன்பது பேர் முதல் பந்தியில் உட்காருவார்கள். ஒன்றுமில்லாத நான்கு பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஊரில் தொற்று ஓய்ந்து, ஆயிரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் இருந்தால் இன்னும் வேடிக்கை: மாட்டுகிற ஐந்து பேரில் நான்கு பேர் நிரபராதிகள். அதில் ஒருவர் மாப்பிள்ளையின் அத்தையாக இருந்தால் கல்யாணமே நின்றுபோகலாம். அதே கிட், அதே கம்பெனிதான். ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாசிட்டிவின் மதிப்பு மாறுகிறது. இதைச் சம்பந்திக்கு விளக்க முயல வேண்டாம்.

கல்யாணத்துக்கே போக வேண்டாம், பாசிட்டிவ்தான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. 2020 டிசம்பரில் ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கோலாவை அட்டையில் விட்டு, பாசிட்டிவ் காட்டி, டெஸ்ட்டே பித்தலாட்டம் என்றார். மறு ஆண்டு இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆரஞ்சு ஜூஸை விட்டு, லீவு எடுத்தார்கள். இரண்டிலும் காரணம் புளிப்பு. அமிலத்தில் ஆன்டிபாடிகள் நிலைகுலைந்து, கண்டதையும் பிடித்துக்கொள்ளும். குழாயில் தருகிற திரவம் அதைத் தடுப்பதற்குத்தான் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் விட்டால்தான் மந்திரம் பலிக்கும். ஹல் பல்கலைக்கழக வேதியியலாளர் மார்க் லோர்ச், பொய்க் கோடு வந்த அட்டையை அதே திரவத்தால் கழுவிக் காட்டினார். கோடு மறைந்தது. உங்கள் மேனேஜர் அவ்வளவு தூரம் போகமாட்டார்.

நெகட்டிவ் தேடுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் தமிழ்நாடு தோதான ஊரே அல்ல. 2020-ல் டெல்லி ரேபிட் ஆன்டிஜெனில் இறங்கியபோது இங்கே ஆர்.டி.பி.சி.ஆரையே பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் லேப். பெரிய முன்னேற்றம்.

இனி ஒரே ஒரு இடைஞ்சல். அறிகுறி இருந்து ரேபிடில் நெகட்டிவ் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். விதி. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022-ல் சொன்னது வேறு: 48 மணி நேரம் கழித்து இன்னொரு ரேபிட் எடுங்கள், அறிகுறி இல்லாதவர் என்றால் மொத்தம் மூன்று முறை. நீங்கள் எஃப்.டி.ஏ. கட்சியில் சேர்ந்துவிடுங்கள். வெள்ளி இரவிலிருந்து 48 மணி நேரம் என்றால் ஞாயிறு இரவு. அதற்குள் தாலி ஏறி, பந்தி முடிந்து, மண்டபச் சாவியையும் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது கிட்டை மட்டும் வீணாக்காதீர்கள். புதன்கிழமை சம்பந்தி வீட்டிலிருந்து போன் வரும்: பாட்டிக்கு இருமலாம், உங்களிடம் கிட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று.