பந்து மித்திரர்

கல்யாணப் பத்திரிகைகளில் ‘இஷ்ட பந்து மித்திரர்களுடன் வந்திருந்து’ என்று அச்சிடுவார்களே, அங்கே பந்து என்பது உற்றார் உறவினரைக் குறிக்கும். ஆனால் உருண்டையான பந்தையே உறவாக வரித்துக்கொண்டு, அதற்கு மித்திரராகவே ஆயுளைக் கழிக்கும் மனிதர்களைக் காணவேண்டுமென்றால் அமெரிக்காவிலுள்ள மில்வாக்கி நகரத்துக்குத்தான் போகவேண்டும். அறுபது அடி நீளப் பாதையின் கோடியில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்துவதற்கென்று, மூன்று விரல் நுழையத் துளையிட்டுச் செய்த, பதினாறு பவுண்டு வரை கனக்கிற பௌலிங் பந்துதான் அவர்களுடைய உறவு. 1895-இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் வெகுகாலம் தலைமையகம் வைத்திருந்த ஊர் அது. ஆகையால் இந்த உறவை அங்கே யாரும் விபரீதமாகக் கருதுவதில்லை.

அத்தகைய மித்திரர்களில் ஒருவரான நம்மவர் புதன்கிழமை இரவு லீக் ஆட்டத்துக்கு வரும்போது, தீர்த்தயாத்திரை கிளம்பியவர்போல் சக்கரம் வைத்த பெரும்பையொன்றை இழுத்துக்கொண்டு வருவார். அதற்குள் பந்துகள் மூன்று, துண்டுகள் ஐந்து இருக்கும்: பஞ்சுபோன்ற துண்டு துடைப்பதற்கு, தோல்துண்டு எண்ணெயை ஒற்றுவதற்கு, மற்றவை எதற்கென்று கேட்டவர்கள் அன்றைய ஆட்டத்தைப் பார்க்காமலே வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் தெளிப்பானில் இருக்கும் திரவத்தால் பந்துக்கு ஸ்நானம் நடக்கும். போட்டி தொடங்கிவிட்டாலோ திரவத்தைத் தொடலாகாது, உலர்ந்த துணிதான் என்பது விதி. ஆதலால் ஏகாதசி விரதக்காரர் காப்பி டம்ளரைப் பார்ப்பதுபோல் அவர் அந்தத் தெளிப்பானை அவ்வப்போது பார்த்துக்கொள்வார்.

இவ்வளவும் எண்ணெயினால் வந்த வினை. பாதையின் முன்பகுதியில், ஏறக்குறைய நாற்பது அடி வரைக்கும், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பந்து அதன்மேல் வழுக்கிச் சென்று, எண்ணெய் தீர்ந்த இடத்தில் தரையைப் பற்றி வளைந்து கட்டைகளின் இடுக்கில் புகவேண்டும். அப்படிப் பற்றுவதற்கென்று 1990-களின் தொடக்கத்தில் ஒரு புதுவகைப் பிசினால் பந்துக்கு மேலோடு செய்தார்கள். அந்த மேலோட்டில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. தரையைப் பற்ற உதவும் அதே துவாரங்கள் எண்ணெயையும் குடிக்கும். குடித்த பந்து நாளடைவில் மதர்த்துப்போய் வளைய மறுக்கும். முற்காலத்து மரப்பந்துக்கும், 1905-இல் வந்த ரப்பர் பந்துக்கும் இந்தக் குடிப்பழக்கம் கிடையாது. அவை கிராமத்துப் பிள்ளைகள்போல் எண்ணெயிலும் தூசியிலும் புரண்டு வளர்ந்தன. புதுப் பந்தோ சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை. அதன் கெட்டிக்காரத்தனம் எதுவோ அதுவேதான் அதன் வியாதியும்.

வீட்டிலே நடக்கும் வைத்தியம் தனிக் காண்டம். சுமார் அறுபது ஆட்டங்களுக்கு ஒருமுறை, விரல் துளைகளில் நீர் புகாத நாடாவை ஒட்டி, வாளியில் வெந்நீர் நிரப்பி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரைச் சில சொட்டு விட்டு, பந்தை அதில் அமிழ்த்திவிட்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனைப்போல் அங்குமிங்கும் உலவுவார். நீரின்மேல் எண்ணெய் மிதந்துவிட்டால், “இங்கே வந்து பாரேன்!” என்று மனைவியை அழைப்பார். அந்த அம்மையாரும் வந்து பார்த்துவிட்டு, “வாளியைத் தேய்த்து வைத்துவிடுங்கள்” என்பதோடு தம் வியாக்கியானத்தை முடித்துக்கொள்வார். ஆப்பிள் துண்டங்களை உலர்த்துவதற்காக அந்த அம்மையார் ஆசையுடன் வாங்கிய மின்சார உலர்த்தி ஒன்று அந்த வீட்டில் உண்டு. அதன் தட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே பந்தைக் குடியேற்றி, இளஞ்சூட்டில் அது எண்ணெயை வியர்க்க வியர்க்க நம்மவர் ஒற்றியெடுக்கத் தொடங்கியதிலிருந்து, அந்த வீட்டில் உலர்ந்த ஆப்பிளை யாரும் கண்டதில்லை. சூடு மிஞ்சினால் பந்தில் விரிசல் விழக்கூடும் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து பாராயணம் செய்வதுபோல் வெப்பமானியை வாசிப்பார். பின்பு 500, 1000, 2000, 4000 என்று எண்ணிட்ட தேய்ப்புத் தாள்களால் முரட்டிலிருந்து மென்மைக்கு வரிசைக்கிரமமாகப் பந்தைத் தேய்ப்பார். தம் முகத்தைச் சவரம் செய்துகொள்ளும்போது இத்தனை சிரத்தை காட்டினாரென்று சொல்லமுடியாது.

காரின் பின்பெட்டியில் பந்தை விட்டுவைப்பது அவர் அகராதியில் மகாபாதகம். கோடை வெயிலிலும் மில்வாக்கியின் கொடிய பனியிலும் மேலோடு விரிசல் காணக்கூடுமாதலால், வெளியூரிலிருந்து திரும்பும் நள்ளிரவிலும் பந்துதான் முதலில் வீட்டுக்குள் நுழையும். உறங்கும் பேரக்குழந்தையை அதற்குப் பிறகு மனைவி தூக்கிவருவார்.

ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமல்லவா? பன்னிரண்டு முறை தொடர்ந்து பத்துக் கட்டைகளையும் ஒரே உருட்டில் வீழ்த்தினால் 300 புள்ளி. நம்மவர் நெடுங்காலமாக 140-ஐ ஒட்டியே வாசம் செய்கிறார். குறைந்தால், பாதையில் எண்ணெய் அதிகம்; மேலும் குறைந்தால், எண்ணெய் காய்ந்துவிட்டது.

நான் அவருடன் உட்கார்ந்திருந்த ஓர் இரவு, பக்கத்துப் பாதையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டியார், ஊரார் அனைவருடைய விரலும் பட்டு அழுக்கேறிய பொதுப் பந்தைச் சாய்வுத்தட்டிலிருந்து எடுத்து, இரு கைகளாலும் தள்ளிவிட்டு, அது போய்ச் சேருமுன்னே திரும்பி நடந்தார். பத்துக் கட்டைகளும் விழுந்தன. மறுமுறையும் விழுந்தன. நம்மவர் கலங்கவில்லை. “அது பிளாஸ்டிக் மேலோடு. எண்ணெய் குடிக்காது, வளையவும் வளையாது, நேரே போகும். அதற்குப் பராமரிப்பே வேண்டாம்” என்றார்.

சொல்லிவிட்டுத் தம் பையிலிருந்து, மிச்சம் நிற்கும் ஒற்றைக் கட்டையை வீழ்த்துவதற்கென்று வைத்திருக்கும் மூன்றாவது பந்தை எடுத்து மடியில் வைத்து நிதானமாகத் துடைக்கலானார். அதுவும் பிளாஸ்டிக் பந்துதான். அன்று அதை அவர் உருட்டவே இல்லை. “இதற்குப் பராமரிப்பு வேண்டாமென்று இப்போதுதானே சொன்னீர்கள்?” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மற்ற இரண்டையும் துடைக்கும்போது இது பார்த்துக்கொண்டுதானே இருந்தது?” என்றார்.