டிராகன் காத்திருக்கும், அம்மா காத்திருக்க மாட்டா

ரோல் பிளேயிங் கேம் எதைத் திறந்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: உலகம் அழியப்போகிறது, காப்பாற்ற நாயகனை விட்டால் ஆளில்லை. நாயகனோ அவசரப்படுகிற ரகமில்லை. 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7இல் வானத்தில் விண்கல் தொங்குகிறது; அவர் சொக்கோபோ என்ற ராட்சதப் பறவைகளை வளர்த்துப் பந்தயம் விட்டுக்கொண்டிருப்பார். விட்சர் 3இல் (2015) கெரால்ட் வளர்ப்பு மகளைத் தேடிப் புறப்படுகிறார்; வழிநெடுகக் கடதாசி விளையாட்டு. ஸ்கைரிமில் (2011) டிராகன் நெருப்புக் கக்கும்போதே பையைத் திறந்து வண்டிச்சில்லு மாதிரிச் சீஸை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கலாம். பையை மூடும்வரை டிராகன் அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

திருமலைத் தம்பிமாருக்கு இதெல்லாம் புதிதா என்ன? மீன் வாங்க அனுப்பினால் டச்சுபே கடற்கரையில் ஒரு கிரிக்கெட் மட்ச், பிரெட்ரிக் கோட்டை மானோடு ஒரு செல்ஃபி, கோணேசர் கோயிலடியில் கொஞ்சம் கச்சான். மீன் பின்னேரம் வரும். வந்தால்.

ஆனால் எந்த ரகத்தை விளையாடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். யூஜி ஹோரி 1986இல் உருவாக்கிய டிராகன் குவெஸ்டில் பூதங்களுக்கும் முறை தெரியும். தம்பியின் முறை வந்துவிட்டால் அவன் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி, பிளேன்டீயும் குடித்துவிட்டு வரும்வரை பூதம் கை ஓங்காது. 2011இன் டார்க் சோல்ஸில் இடைநிறுத்தமே கிடையாது. “தம்பி, மழை வருது, கொடியில கிடக்கிற உடுப்பை எடு” என்று குசினியிலிருந்து குரல் வந்த கணமே மரணம். தாயோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ரகம் சரிவராது.

முதல் டிராகன் குவெஸ்டின் ஜப்பானியப் பதிப்பில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. அது தரும் 20 எழுத்து மந்திரத்தைக் கொப்பியில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே திருப்பி இட வேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் பட்ட பாடெல்லாம் போச்சு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறன்ட் போனபோது இலங்கைக்குத் தேவைப்பட்டது அந்தக் கொப்பிதான். வெட்டுக்கு அட்டவணையாவது வந்தது. மந்திரம் எழுத நேரம் கிடைத்திருக்கும்.

2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் பேச்சுக்கும் பகடை உண்டு, 20 முகப் பகடை. 20 விழுந்தால் எந்தப் புளுகும் எடுபடும். 1 விழுந்தால் உண்மைகூட எடுபடாது. இரவு பதினொன்றுக்கு “இதுதான் கடைசிச் சண்டை அம்மா” என்று தம்பி சொல்லும்போது மட்டும் எந்நாளும் 1தான் விழுகிறது.