வழுக்கலின் மாண்பு: பொரளை மில்லின் பெல்ட்டும் குறளர் கோட்டையின் பற்சில்லும் பற்றிய ஓர் ஒப்பாய்வு

சுழல்கிற ஒன்றிலிருந்து சும்மா நிற்கிற ஒன்றுக்கு வலுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்ற வினாவை இரண்டு கூட்டத்தார் நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றனர். முதற்கூட்டத்தார் கணினித் திரைக்குள் மலை குடைந்து வாழும் குறளர். இரண்டாம் கூட்டத்தார் கொழும்புப் பொரளையில் மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுக்கும் மில்காரர். இவர்கள் அவர்களையோ, அவர்கள் இவர்களையோ இதுவரை மேற்கோள் காட்டியதில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இந்நூல்.

முதலில் குறளர் மதம். அமெரிக்கச் சகோதரர்களான டார்ன் அடம்ஸும் சாக் அடம்ஸும் 2006இல் வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ என்னும் கோட்டை கட்டும் ஆட்டமே இம்மதத்தின் மூலநூல். அதன் விதிகள் இறுக்கமானவை. ஆற்றில் மரத்தால் ஒரு நீர்ச்சில்லு வைத்தால் 100 அலகு வலு வரும். தான் சுற்றுவதற்கென்று 10ஐ அதுவே எடுத்துக்கொள்ளும். காற்றாலை, வைத்த ஊரின் காற்றைப் பொறுத்து 40 தரும், 20 தரும், அல்லது ஒன்றும் தராது. அச்சுத்தண்டுக்குக் கட்டத்துக்கு 1, பற்சில்லுக்கு 5, மா அரைக்கும் கல்லுக்கு 10 என்று செலவு எழுதிவைத்திருக்கிறார்கள். வரவைவிடச் செலவு ஓர் அலகு கூடினாலும் போதும், அந்தத் தொடரில் பூட்டிய எல்லா எந்திரமும் ஒன்றாக நின்றுவிடும். மெதுவாகச் சுற்றுதல், முனகிக்கொண்டு சுற்றுதல் என்பன அங்கே இல்லை. வேகம் என்ற கருத்தே இல்லை. கணக்காளர்கள் படைத்த உலகம் போலும்.

இனிப் பொரளை மதம். சந்தியின் இரைச்சலை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால் மில் இருக்கும் இடத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும். உள்ளே சீமெந்துத் தரையில் திருகாணியால் இறுக்கிய மோட்டர். அதன் முனையில் 4 அங்குலச் சில்லு. மெஷினின் பக்கவாட்டில் 8 அங்குலச் சில்லு. இரண்டையும் சுற்றிக் கறுத்துப்போன தட்டைப் பெல்ட். மோட்டர் நிமிடத்துக்கு 1,440 தரம் சுற்றினால் மெஷின் 720 தரம் சுற்றும். வேகத்தில் இழந்த பாதியை முறுக்கத்தில் பெற்றுக்கொண்டு காய்ந்த மிளகாயைத் தூளாக்கும். எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமானால் பெல்ட்டை நடுவில் ஒருதரம் குறுக்கே மாட்டினால் முடிந்தது. இந்த வித்தைக்குக் குறளர் மலையில் கருவியே இல்லை.

ஆய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டிய கணம் ஒன்று உண்டு. வறுத்த கொத்தமல்லியை யாரோ அவசரத்தில் பை நிறையக் கொட்டிவிடுகிறார். மெஷின் திணறுகிறது. பெல்ட் கீச்சென்று கத்துகிறது. இறப்பர் கருகிய மணம் எழுகிறது. மில் தம்பி நிமிர்ந்தும் பாராமல், “கொஞ்சம் இருங்கக்கா, வழுக்குது” என்கிறார். ஒரு கையால் கொத்தமல்லியைத் தடுத்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டுக்குப் பிடிப்புக் கொடுக்கும் மெழுகுக் கட்டியை எடுத்து ஓடுகிற பெல்ட்டின் உட்பக்கத்தில் ஒரு தேய்ப்புத் தேய்க்கிறார். கீச்சு அடங்குகிறது. மெஷின் பழைய சுருதிக்குத் திரும்புகிறது.

அஃதேல், வழுக்கல் குற்றமன்றோ எனின், அற்றன்று. என்னை? கொத்தமல்லிக்குள் கல் வரும், சில வேளை ஆணியும் வரும். பல்லும் பல்லும் இறுகப் பிடித்திருக்கும் பற்சில்லாயின் அன்றே பல் உதிரும். அல்லது மோட்டர் எரியும். பெல்ட்டோ கத்தும், நழுவும், மிஞ்சினால் கழன்று விழும். மெஷின் பிழைக்கும். குறளர் நூலில் இதற்கொரு சூத்திரமும் இல்லாமை அந்நூலின் பெருங்குறை என்க.

வலு ஊடுகடத்தலின் உறுப்புகள் மூன்று என்பர் பொறியியலார்: வலுவைத் தருவது, கொண்டுசெல்வது, பெறுவது. பொரளைக் கள ஆய்வு நான்காவதொன்றைச் சேர்க்கிறது: தூள் பையோடு நின்று அபிப்பிராயம் சொல்பவர். மில்லில் இவர் இல்லாத நேரம் இல்லை. குறளர் உலகிலும் ஆட்டக்காரர் என்ற பெயரில் இவரே இருக்கிறார்.

மோட்டருக்கு வலு எங்கிருந்து வந்தது என்று கேட்போர் மலைநாட்டுக்கு ஏற வேண்டும். இலங்கையின் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார். லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது 1950இல். ஆக, மில் மோட்டரின் ஒரு நுனி கெஹெல்கமு ஓயாத் தண்ணீரில் இருக்கிறது. இதையே குறளர் முறைப்படி அச்சுத்தண்டால் செய்தால் என்னாகும்? ஒரு கட்டத்தைத் தாராளமாக இரண்டு மீற்றர் என்று கொள்வோம். லக்சபானவிலிருந்து பொரளைக்கு நேர்கோட்டில் 65 கிலோமீற்றர் என்றாலும் 32,500 கட்டம், 32,500 அலகு. சில்லொன்றுக்கு மிச்சம் 90 அலகுதான் என்பதால், தண்டு சும்மா சுற்றுவதற்கே 362 நீர்ச்சில்லுகள் வேண்டும். மிளகாய் இன்னும் பைக்குள்ளேயே கிடக்கும். மின்கம்பியைப் பழிப்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

கம்பிக்கும் குறை உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது. நாடு முழுவதும் மின்சாரம் போனது. மின்சக்தி அமைச்சரே குரங்கைக் காரணம் காட்டினார். குறளர் உலகிலும் குரங்குகள் உண்டு. அவை கோட்டைக்குள் புகுந்து பொருட்களைத் திருடும், அவ்வளவே. எந்திரங்களைப் பிடுங்கி எறிவது பூதங்களின் தொழில். எனினும் இரு உலகத்து மின்வெட்டும் ஒரே இலக்கணத்துக்கு உட்பட்டவை: ஓரிடத்தில் குறைந்தால் எல்லா இடத்திலும் நிற்கும்.

குறளரிடம் மின்சார சபை பொறாமைப்பட வேண்டிய வித்தை ஒன்று உண்டு. நீரிறைக்கும் திருகுப் பம்பிக்கு 10 அலகு போதும். அது இறைத்த தண்ணீர் நீர்ச்சில்லைச் சுழற்றும். சில்லு பம்பியைச் சுழற்றும். மிச்ச வலுவில் மா அரைக்கலாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை விளக்கில்லாமல் இருந்த நாட்டில் இதைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. யாராவது டெண்டர் கோரிவிடுவார்கள்.

முடிபு: கணக்கில் குறளர் வல்லவர், வழுக்கலில் பொரளையார் வல்லவர். அடம்ஸ் சகோதரர்கள் அடுத்த பதிப்பில் ஒரு பெல்ட்டும் ஒரு மெழுகுக் கட்டியும் சேர்ப்பார்களாக. மில்லுக்குப் போகும் வாசகர்கள் சேலைத் தலைப்பையும் சால்வையையும் இறுகச் சொருகிக்கொண்டு, பெல்ட்டுக்கு எட்டி நிற்கவும். பல மில்களில் அதற்கு மறைப்புத் தகடு கிடையாது.