கேட்கான் கேக்கான்

வா மருமவனே, இப்பிடி திண்ணையில இரி. நீ வாறது ஒழுகினசேரி பாலத்துலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பானைக்குள்ள கல்லைப் போட்டு உருட்டுனாப்பல ஒரு சத்தம், பின்னாலயே அழுகின முட்டை நாத்தம். ஒங்க மாமி அடுக்களையில முட்டைக் கூடையை எறக்கி வச்சு ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டிருக்கா, பாவம்.

என்னமோ வாங்கணும்னு போனுல சொன்னியே, கேட்கானா? பட்டறைக்காரன் வாயில அப்பிடித்தான் வரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னு முழுசாச் சொல்லி முடிக்கதுக்குள்ள அவனுக்கு டீ ஆறிப் போகும்லா. ஆனா நம்ம ஊருக்குப் பொருத்தமான பேருதான். பட்டறைக்காரன் காசு கேக்கான். புகை பாக்கவன் காசு கேக்கான். ஆர்.டி.ஓ ஆபீஸுல சர்டிபிகேட் கேக்கான். இருந்த சாமான் ஏன் செத்துதுன்னு மட்டும் ஒருத்தனும் கேக்கலை. நீயும் கேக்கலை.

துட்டுக்கு என்னைப் பாக்காத, முதல்லயே சொல்லிப் போடுகேன். மருமக்கள்வழி இருந்த காலமானா மாமன் சொத்துல கை வச்சு நாலு கேட்கான் வாங்கியிருப்பே. 1926-லேயே திருவிதாங்கூருல நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் போட்டு அந்த வழியை அடைச்சாச்சு. மகாராணிக்குப் புண்ணியம். ஆகையால எங்கிட்ட கெடைக்கது புத்தி மட்டுந்தான். அது இனாம்கதனால யாரும் எடுக்க மாட்டேங்கான்.

ஊரெல்லாம் டீசல் ஜீப்பு ஓட்டும்போது நீ மட்டும் 2006 மாடல் பெட்ரோல் எஸ்யூவியை வாங்கி வச்சுக்கிட்டு முழிக்கே. போகட்டும், ஆசைப்பட்டாச்சு. அந்தக் கேட்கான் டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாத்திருக்கியா? மார்த்தாண்டத்துத் தேன்பெட்டியத் தொறந்தாப்பல கூடு கூடா இருக்கும். சதுர அங்குலத்துக்கு நானூறு கண்ணு. பீங்கான் கூடு. அதுமேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூணையும் தடவியிருப்பான். எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் அந்தக் கண்ணு வழியா ஒரசிக்கிட்டுப் போகும்போது நீராவியா, கரியமில வாயுவா, நைட்ரஜனா மாறிப் போகும். அதுவும் முந்நூறு டிகிரி பக்கம் சூடு ஏறினாத்தான். வீட்டுக்கும் பால்கடைக்கும் மட்டும் ஓடுக வண்டியில அது முழிச்சு எந்திரிக்கதுக்குள்ள நீ வீடு வந்து சேந்துருவே.

இன்னொண்ணும் அதுக்குள்ள உண்டு, அது நம்ம ஊரு விசயமாக்கும். 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரன், நம்ம கடக்கரையில இருந்து போன கயத்துல ஒட்டியிருந்த மணலைப் பாத்து, இது மோனசைட்டுன்னு கண்டுபிடிச்சான். பொறவு மணவாளக்குறிச்சியில ஆலை வந்துது. இப்ப அது ஐ.ஆர்.இ.எல். நாம கால்ல ஒட்டின மணலைத் தட்டிட்டு வீட்டுக்குள்ள வருவோம். அவன் கயத்துல ஒட்டின மணலைத் தட்டாம எடுத்துப் பாத்தான். அந்த மோனசைட்டுல சீரியம்னு ஒரு சாதனம் இருக்கு. கேட்கானுக்குள்ள அதுதான் பத்தாயம். ஆக்சிசன் மிஞ்சும்போது சேத்து வைக்கும், பத்தாக்குறைக்கு எடுத்துக் குடுக்கும். டப்பாவுக்குப் பின்னால இருக்க சென்சர் அந்தப் பத்தாயத்துல நெல்லு இருக்கா இல்லியான்னு பாத்துக்கிட்டே இருக்கும். இல்லைன்னா ஒன் கண்ணுக்கு முன்னால மஞ்ச லைட்டு.

இனி நீ கேட்ட அந்த ஹை-ஃப்ளோ கேட்கானுக்கு வாறேன். எவன் சொன்னான் ஒனக்கு? யூடியூப்புல ஒரு பய தொப்பியத் திருப்பி வச்சுக்கிட்டு சொன்னானாக்கும்! லே, பேச்சிப்பாறை மதகை அகலத் தொறந்துவிட்டா வெள்ளம் வேகமாத்தான் போகும். வயலு நனையணுமே? நானூறு கண்ணு இருக்க எடத்துல இருநூறு, நூறுன்னு வச்சா புகைக்குப் போக்கு தாராளம்; ஒரசிக்கிட்டுப் போக எடம் குறைச்சல். பத்தாயமும் சிறுசு. மஞ்ச லைட்டு அணையாது. அதுக்குப் பொறவு சென்சரை ஏமாத்த நடுவுல ஒரு துண்டுக்குழாய் வச்சுத் தருவான். அது பொண்டாட்டியை ஏமாத்துகது மாதிரி, ஒரு வாரம் தாங்கும். இதெல்லாம் எதுக்கு? பந்தய வண்டிக்குக் கொள்ளாம். ஒன் கிழவி வண்டி ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்துக்கே மூச்சு வாங்குகா. அவளுக்கு அகலமான மூக்கு வச்சா ஓட்டம் கூடுமா?

வாங்கியே தீருவேன்னா கேளு. தகட்டுக் கூடு வாங்கு. தகடு பீங்கானைவிட மெலிசு. அதனால அதே நானூறு கண்ணுலயே புகை கொஞ்சம் லேசாப் போகும். ஒனக்கு வேண்டிய ஹை-ஃப்ளோ அவ்வளவுதான், முந்நூறுக்குக் கீழ எறங்காத. நீ குடியிருக்கது குளச்சல் கடக்கரை, உப்புக்காத்து சும்மா விடாது; ஸ்டெயின்லெஸ் டப்பாவாப் பாரு. பழசு இன்ஜினுக்கு எவ்வளவு கிட்ட இருந்துதோ அங்கேயே புதுசும் இருக்கணும். தள்ளி வச்சா சூடு ஏறாது. குழாய் விட்டம், சென்சர் ஓட்டை, மேல இருக்க சூட்டுத் தகடு எல்லாம் பழசுக்குப் பொருந்தணும். உள்ள எத்தனை கிராம் பிளாட்டினம் வகையறா இருக்குன்னு கேளு. கடைக்காரன் மேல பாத்தான்னா எந்திரிச்சு வந்துரு. பீங்கான் கூடே வாங்கினேன்னா மாட்டின ஒடனே உறுமாத. டப்பாவுக்கும் கூட்டுக்கும் நடுவுல ஒரு மெத்தை உண்டு, அது சூட்டுல உப்பித்தான் கூட்டைப் பிடிக்கும். பைய சூடாக விடு.

பழசைப் பட்டறையில விட்டுட்டு வராத. முன்ன எனக்கு ஒரு காரு இருந்துதுல்லா, அதை ஒரு பட்டறையில விட்டேன். எந்தப் பட்டறைன்னு கேக்காத, அவன் கல்யாணத்துல நான் சாப்பிட்டிருக்கேன். “சைலன்சருல அடைப்பு, சுத்தம் பண்ணியாச்சு”ன்னான். அப்பிடிச் சுத்தம் பண்ணியிருந்தான் மக்கா! கூட்டை ஒடைச்சு எடுத்துட்டு வெறும் டப்பாவை ஒட்டி வச்சிருந்தான். நானும் வண்டி இப்ப கொள்ளாமேன்னு அவனுக்கு நூறு ரூபா கூடக் குடுத்தேன். வடக்க எல்லாம் ஈகோ வேனுக்கு அடியில படுத்து சைலன்சரைக் களவாண்டு, உள்ள இருக்க பொடியை விக்கானுவ. இவனுக்கு நான் அந்தச் சிரமமே வைக்கலை, நானே கொண்டு போய்க் குடுத்தேன்.

கேட்கானையே வெட்டி எறிஞ்சுட்டு வெறும் குழாய் போடலாம்னு ஒருத்தன் சொல்லுவான். ஒன் வண்டி வயசுக்கு, நின்ன நிலையில 0.5 சதவீதம் கார்பன் மோனாக்சைடும் 750 பிபிஎம் ஹைட்ரோகார்பனும் தாண்டக் கூடாது. பிடிச்சா 10,000 ரூபா வரைக்கும் போகும், மூணு மாசம் லைசென்சும் போகும். பதினஞ்சு வருசம் முடிஞ்சு அஞ்சஞ்சு வருசமா ஆயுசு நீட்டி வாங்குக வண்டி ஒன்னுது.

நான் முதல்ல கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. அது ஏன் செத்துது? ஏதாவது ஒரு பிளக்கு சரியா வெட்டலைன்னா எரியாத பெட்ரோல் நேரா கூட்டுக்குள்ள போய் அங்க எரியும், கூடு உருகும். ஆயில் குடிக்க இன்ஜினானா அதுல உள்ள பாஸ்பரஸ் கண்ணை மூடிப் போடும். கூலண்ட் கசிஞ்சு உள்ள போனாலும் அதே கதிதான். கொன்னவன் வீட்டுக்குள்ளயே இருக்கான். நீ புது மாப்பிள்ளையைக் கொண்டு வந்து அதே கட்டில்ல படுக்க வைக்கப் போறே. ஆறு மாசத்துல திரும்ப இந்தத் திண்ணைக்கு வருவே, நான் காப்பி தரணும்.

உயிரு போச்சான்னே மொதல்ல பாரு. இன்ஜின் ஆறினப் பொறவு ரப்பர் சுத்தியலால பைய தட்டு. கலகலன்னா கூடு ஒடைஞ்சாச்சு. சத்தம் இல்லைன்னா டப்பாவுக்கு முன்னால இருக்க சென்சரைக் கழத்தி அந்த ஓட்டையில அழுத்தமானி மாட்டச் சொல்லு. நிமிசத்துக்கு 2,500 சுத்துல 3 பிஎஸ்ஐக்கு மேல போனா அடைப்பு. ரெண்டும் இல்லைன்னா செத்தது சென்சராவும் இருக்கலாம், ஒடனே கேட்கான்னு முடிவு கட்டாத.

நாளைக்குக் காலம்பற பிளக்கு நாலையும் கழத்தி ஒரு பேப்பருல பொதிஞ்சு கொண்டா, பாப்போம். வரும்போது ஒரு டசன் முட்டையும் வாங்கிட்டு வா. ஒங்க மாமி கூடையோட வாய்க்கால்ல கொட்டிட்டா.