புள்ளி வைத்த தீர்ப்பு

ஹாஸ்கெல் மொழியில் ஊழியருக்கும் 'பெயர்', கம்பெனிக்கும் 'பெயர்' என்று ஃபீல்டு வைத்தால் கம்பைலர் சண்டைக்கு வருகிறதே! ஒரே வகுப்பில் இரண்டு செந்தில் இருக்கக் கூடாதா?

தாராளமாக இருக்கலாம், இனிஷியல் இருந்தால்! 1996-இல் ரெக்கார்டு ஃபீல்டுகள் வந்தபோதே, ஒவ்வொரு ஃபீல்டும் மாட்யூல் முழுவதற்கும் பொதுவான ஃபங்ஷன் ஆகிவிட்டது. பிறகு ஒரே பெயருக்கு இருவர் எப்படி? 2016-இல் ஹாஸ்கெல் கம்பைலரான ஜி.ஹெச்.சி.யின் 8.0 பதிப்பு இரண்டு செந்தில்களையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால், கூப்பிட்டால் யார் எழுந்து நிற்பது? 2021-இல் வந்த 9.2-இல் 'ஊழியர்.பெயர்' என்று எழுதலாம். முன்னால் நிற்பவரின் டைப்பைப் பார்த்துக் கம்பைலரே ஆளைக் கண்டுகொள்ளும். 25 வருட வழக்கு. நடுவில் வைத்த புள்ளிதான் முற்றுப்புள்ளி!

அந்த மொழியில் இரண்டு ஃபங்ஷன்களை இணைப்பதும் இதே புள்ளிதானே, குழம்பாதா?

'பலகை', 'பல கை': இரண்டும் ஒன்றா? இருபுறமும் இடம் விட்டால் இணைப்பு, ஒட்டி எழுதினால் ஃபீல்டு.

நல்ல மொழியில் இடைவெளிக்கும் பொருள் உண்டு.